பத்துச் சுற்றுக்கு முப்பத்துநான்கு சென்டிமீட்டர்

அந்த டயர்க்கடையில் அவரை எல்லோரும் ஆணி என்றுதான் கூப்பிட்டார்கள். முதலாளி, வாடிக்கையாளர்கள், எதிர்ப்புறத்து டீக்கடைக்காரர், கட்டிய மனைவி உட்பட. டயர்களிலிருந்து பிடுங்கிய ஆணிகளை ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டுச் சன்னலில் வைத்திருந்ததால் அந்தப் பெயர் வந்தது என்று முதலாளி சொன்னார். ஜாடி வருவதற்கு ஐந்து வருஷம் முன்பே பெயர் வந்துவிட்டது என்றார் டீக்கடைக்காரர். அந்த வாயிடம் சிக்கியவன் என்ற முறையில் டீக்கடைக்காரர் சொல்வதையே நான் எடுத்துக்கொள்கிறேன்.

என்னிடம் அவர் பேசிய முதல் வாக்கியம் இது: "பெரியவரே, கையை எடுங்க. டயர் என்ன மாடா, தடவிக் குடுக்க?"

அப்போது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. குட்டையான ஆள், கழுத்து தோளுக்குள் பாதி இறங்கியிருக்கும். வலது கைச் சுண்டுவிரலில் முதல் கணு இல்லை. காதில் எப்போதும் ஒரு சாக்பீஸ் துண்டு. கழற்றிய ஒவ்வொரு டயரிலும் வண்டி எண்ணையும் தேதியையும், எந்தச் சக்கரத்திலிருந்து கழற்றியது என்பதையும் அந்தச் சாக்பீஸால் எழுதிக் கடைக்குப் பின்னால் அறுபது நாள் வைத்திருப்பார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "சண்டைக்கு வருவாங்க இல்ல, அதுக்கு" என்றார்.

லாரி ஓட்டுநர் ஒருவரின் நான்கு பிள்ளைகளில் மூன்றாமவர். பதினேழு வயதில் பேருந்துப் பணிமனையின் டயர்ப் பிரிவில் உதவியாளராகச் சேர்ந்தார். பேருந்துக்குப் பின்னால் பக்கத்துக்கு இரண்டு சக்கரம் ஒட்டி நிற்கும். அந்த ஜோடியில் ஒரு டயர் தேய்ந்ததாகவும் இன்னொன்று புதியதாகவும் இருந்தால் ஒன்றை ஒன்று இழுத்து இரண்டும் கெடும். அதனால் ஜோடி சேர்க்குமுன் ஒவ்வொரு டயரையும் அளக்க வேண்டும். மற்றவர்கள் கண்ணால் அளந்தார்கள். இவர் டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, வண்டியைத் தள்ளச் சொல்லி, கோடு பத்து முறை தரையைத் தொடும் தூரத்தை இரும்பு டேப்பால் அளப்பார். பணிமனையில் இதைக் கிண்டல் செய்யாதவர் இல்லை. "கல்யாணத்துக்குக்கூட பொண்ணை பத்துச் சுத்து உருட்டிப் பாத்துட்டுதான் கட்டுவான்" என்றார்களாம். கட்டினார். அந்த அம்மாள் வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டிருக்கிறார். "அவரு வீட்டுல ஒரு நாளைக்கு ரெண்டு வார்த்தைதான் பேசுவாரு. ரெண்டும் குத்தும்" என்று என் மகளிடம் சொல்லியிருக்கிறார்.

பணிமனையில் பத்தொன்பது வருஷம். பழைய டயரில் புது ரப்பர் ஒட்டிய ஒரு ரீட்ரெட் டயருக்குத் 'தகுதியில்லை' என்று எழுதினார். மேலாளர் அந்தச் சொல்லில் பின்பகுதியை அடித்துத் 'தகுதி' என்று ஆக்கினார். பதினோராம் நாள் டயர் வெடித்து நடத்துநருக்குக் கால் முறிந்தது. விசாரணை அறையில் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் எழுந்து நின்று, "அடிச்ச பேனா அவரு சட்டைப் பையிலதான் இருக்கு, எடுத்துப் பாருங்க" என்றார். மேலாளருக்கு இடமாற்றம், இவருக்கு வேலை போயிற்று. அப்போது அவரை வேலைக்கு எடுத்தவர் இந்த டயர்க்கடை முதலாளி ஒருவர்தான். அதை முதலாளி மறக்கவில்லை, ஆணியையும் மறக்க விடவில்லை.

இனி எங்கள் டயர் விஷயம்.

என் மகள் வீடு வீடாகப் போய் நோயாளிகளுக்கு உடற்பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட். பெட்ரோல் எஞ்சினும் பேட்டரி மோட்டாரும் சேர்ந்து இயங்கும் ஹைப்ரிட் கார் வைத்திருக்கிறாள். தினம் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டம். ஒவ்வொரு முறை பெட்ரோல் நிரப்பும்போதும் தேதி, லிட்டர், கிலோமீட்டர் மூன்றையும் நான் குறித்து வருகிறேன். ஆற்று நீர்மட்டம் குறிக்கும் அலுவலகத்தில் முப்பத்தாறு வருஷம் இருந்தவனுக்கு அது கைப்பழக்கம். 61,400 கிலோமீட்டரில், கார் வாங்கும்போது வந்த டயர்கள் தேய்ந்து மொட்டையாகும் நிலைக்கு வந்தன. ஒரு சனிக்கிழமை காலை பத்தேகாலுக்கு அந்தக் கடைக்குப் போனோம்.

முகப்பு மேசையில் முதலாளியின் மச்சினன் உட்கார்ந்திருந்தார். முப்பது வயதுக்காரர். பளபளப்பான ஒட்டுத்தாள் போட்ட ஒரு டயரைத் தூக்கி வைத்தார்.

"மேடம், இது ஹைப்ரிட்டுக்குன்னே வந்தது. பெட்ரோல் மிச்சத்துக்கு ஏ கிரேடு. இதுக்கு மேல கிரேடே கிடையாது."

உள்ளே தரையில் குத்துக்காலிட்டிருந்த ஆணி தலையைத் திருப்பாமலே கேட்டார்: "அதுக்குக் கீழ இன்னொரு எழுத்து இருக்கே தம்பி, அதையும் படிக்கிறது. கண்ணு தெரியலியா?"

மச்சினன் படிக்கவில்லை. நான் படித்தேன். ஈரச் சாலையில் பிடிமானத்துக்கு டி.

"ம்மா, நீங்க தினம் எந்தப் பக்கம் போறீங்க?" என்று என் மகளிடம் கேட்டார் ஆணி.

"ஆஸ்பத்திரி மேடு, அப்புறம் ரயில்வே பாலம்."

"மேட்டுல இறங்கி வரப்ப மழை பேஞ்சா, அந்த டி உங்களை நேரா ஆஸ்பத்திரிக்கே கொண்டு போயிரும். தூரம் மிச்சம்." எழுந்து வந்து வேறொரு டயரை உருட்டி நிறுத்தினார். "இது பெட்ரோலுக்கு பி. ஈரத்துக்கு ஏ. உங்க வண்டியில பேட்டரி கனம் வேற இருக்கு. அந்தப் பாரத்துக்கான நம்பர் இதுல இருக்கு, அதுல ஒரு படி கம்மி. ஏ-க்கும் பி-க்கும் லிட்டருக்கு அரை கிலோமீட்டர்கூட வித்தியாசம் வராது. எடுக்கறதும் எடுக்காததும் உங்க இஷ்டம். அதை மாட்டச் சொன்னா நான் மாட்ட மாட்டேன். தம்பி மாட்டட்டும், ஜாக்கி எந்தப் பக்கம் வைக்கணும்னு நான் சொல்றேன்."

மச்சினனுக்கு முகம் கறுத்துவிட்டது. கடையில் நின்ற இருவர் சிரித்தார்கள். ஏ கிரேடு டயர் எழுபது கடைக்குப் பின்னால் அடுக்கியிருந்ததும், மச்சினன் பேச்சைக் கேட்டு முதலாளி அவற்றை எடுத்திருந்ததும் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

நான் ஏ-யைத்தான் வாங்கச் சொன்னேன். பெட்ரோல் மிச்சம் பிடிக்கத்தானே வந்தோம்?

ஆணி என்னைப் பார்த்தார். "வண்டி ஓட்டறது யாரு?"

"என் மகள்."

"அப்ப நீங்க சும்மா இருங்க."

மகள் பி-யை வாங்கினாள். பழைய டயர்களில் சாக்பீஸால் எழுதி, பின்னால் உருட்டிக்கொண்டு போனார் ஆணி. கிளம்பும்போது என் கையில் ஒரு துருப்பிடித்த ஆணியைத் திணித்தார். "முன் இடது சக்கரத்துல இருந்தது. உங்களுது. வெச்சுக்குங்க."

பழைய டயரில் கடைசி மூன்று நிரப்பல்களின் சராசரி லிட்டருக்கு 23.8 கிலோமீட்டர். புதிய டயரில் முதல் மூன்று நிரப்பல்களின் சராசரி 22.1. ஐம்பத்தோரு நாள், 2,187 கிலோமீட்டர். அதே சாலை, அதே ஓட்டுநர், அதே பெட்ரோல் நிலையம். அரை கிலோமீட்டர்கூட வராது என்று சொன்ன வித்தியாசம் ஒன்று புள்ளி ஏழு வந்திருக்கிறது. இரண்டு பக்கத்தில் கட்டம் போட்டுப் புகார் எழுதினேன். 'தங்கள் ஊழியரின் தவறான, ஆணவமான பரிந்துரையால்' என்று தொடங்கியது. ஆணவமான என்ற சொல்லைப் பிறகுதான் சேர்த்தேன், வரிக்கு மேலே.

மகள் படித்துவிட்டு, "அப்பா, நீங்க டயரைப் பாத்து எழுதல. அந்த ஆளைப் பாத்து எழுதியிருக்கீங்க" என்றாள். எண்கள் தப்பா என்று கேட்டேன். "எண்ணு சரிதான்" என்றாள்.

திங்கட்கிழமை அதை முதலாளியிடம் கொடுத்தேன். அவர் படிக்க ஆரம்பித்ததும் மச்சினன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, முக்கியமான இடங்களை மட்டும் உரக்கப் படித்தார். பழம் நழுவிப் பாலில் விழுந்த முகம்.

"பாத்தீங்களா மாமா? நான் சொன்னா எரிச்சல்ல சொல்றேன்பீங்க. இப்ப கஸ்டமரே எழுதிக் குடுத்திருக்காரு, கையெழுத்துப் போட்டு. இந்த ஆளு வாயாலயே பாதி வியாபாரம் போச்சு. அந்த எழுபது டயரும் பின்னாடி தூங்குது."

முதலாளி ஆணியைக் கூப்பிட்டார். "என்னய்யா இது? இருபத்திரண்டு வருஷமா உன் வாயைப் பொறுத்துக்கிட்டதே உன் கணக்கு தப்பாதுன்னுதான். அதுவும் தப்புன்னா உன்னை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? சார்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு ஏ டயரை மாட்டிக் குடு. இல்லேன்னா இன்னிக்கோட பாத்துக்கலாம்."

ஆணி தாளை வாங்கிப் படித்தார். மெதுவாக, உதடு அசைய. பிறகு என்னிடம் கேட்டார்: "கிலோமீட்டரை எதைப் பாத்து எழுதுனீங்க?"

"வண்டியில காட்டுற மீட்டரைப் பார்த்து."

"மீட்டருக்கு ரோடு தெரியுமா?"

எனக்குப் புரியவில்லை. மச்சினன், "மாமா, பேச்சை மாத்தறான்" என்றார்.

ஆணி எங்கள் காரைக் கடையின் பக்கவாட்டுச் சந்துக்குள் நிறுத்தச் சொன்னார். முன்சக்கரத்தில் சாக்பீஸ் கோடு போட்டார். மகளை ஸ்டீயரிங்கில் உட்காரவைத்து, அவரும் நானும் பின்னாலிருந்து தள்ளினோம். எழுபத்திரண்டு வயதில் ஒரு டயர்க்கடைச் சந்தில் கார் தள்ளுவேன் என்று நான் நினைத்ததில்லை. கோடு பத்தாவது முறை தரையைத் தொட்ட இடத்தில் குறி போட்டு அளந்தார்: பத்தொன்பது மீட்டர் முப்பது. டேப்பின் மறுமுனையை நான்தான் பிடித்தேன். நானே படித்தேன். பிறகு பின்னால் போய், எங்கள் வண்டி எண் எழுதிய பழைய டயர்கள் இரண்டை உருட்டிக்கொண்டு வந்து முன்னால் மாட்டி, அதே அளவு காற்றடித்து, அதே இடத்திலிருந்து தள்ள வைத்தார். நாற்பது நிமிஷம் ஆயிற்று. பதினெட்டு மீட்டர் தொண்ணூற்றாறு.

"முப்பத்துநாலு சென்டிமீட்டர்" என்றேன்.

"ஒரு முழத்துக்குக் குறைச்சல். இதுக்கா இவ்வளவு கூத்து?" என்றார் மச்சினன்.

"பத்துச் சுத்துக்கு, தம்பி. வண்டி பத்துச் சுத்தோட நின்னுருமா?" ஆணி என் பக்கம் திரும்பினார். "மீட்டர் எண்ணறது சக்கரம் எத்தனை சுத்து சுத்துச்சுன்னு. தேஞ்ச டயர் சின்ன டயர். அதே ரோட்டுக்கு அது ஜாஸ்தி சுத்தும். மீட்டரும் ஜாஸ்தி காட்டும். உங்க இருபத்துமூணு புள்ளி எட்டுல நீங்க போகாத தூரமும் சேர்ந்திருக்கு. நூத்துக்கு ரெண்டு கிலோமீட்டர் கிட்ட."

நான் மனத்துக்குள் போட்டுப் பார்த்தேன். சரியாக வந்தது. ஆனாலும், "அது அரை கிலோமீட்டருக்குத்தான் பதில். மீதி?" என்றேன். தோற்றுக்கொண்டிருப்பவன் கேட்கும் கேள்விதான்.

"மீதி பட்டன்." டயரின் மேல்பரப்பில் கட்டம் கட்டமாக எழும்பியிருந்த ரப்பர்மேல் விரலை வைத்தார். "புதுசுல ரப்பர் தடியா இருக்கும். உருளும்போது பிசையும், அந்தப் பிசையற வேலைக்குப் பெட்ரோல் போகும். தேயத் தேயக் குறையும். புது டயரைப் பழைய டயரோட சாகப்போற நாளோட ஒப்பிடக் கூடாது சார். பொறந்த நாளோட ஒப்பிடணும். வண்டி வாங்கினப்ப முதல் மூணு தடவை என்ன எழுதியிருக்கீங்க?"

அது முதல் நோட்டில் இருந்தது. நோட்டு வீட்டில் இருந்தது.

முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சந்தில் நடந்தது எதுவும் அவருக்குப் பிடிபட்டதாகத் தெரியவில்லை. "சார் நாளைக்கு அந்த நோட்டைக் கொண்டு வரட்டும். அதுல உள்ளதுதான் தீர்ப்பு. அதுவரைக்கும் நீ வேலையைத் தொடாதே, வெளியில உக்காரு."

ஆணி எங்கள் புது டயர்களை மட்டும் திரும்ப மாட்டிக் கொடுத்துவிட்டு வெளியே போய், வாசலில் அடுக்கியிருந்த பழைய டயர்களின் மேல் உட்கார்ந்தார்.

அன்று மாலை ஆறு நாற்பதுக்கு முதல் நோட்டின் ஒன்பதாம் பக்கத்தைத் திறந்தேன். கார் வாங்கியதும் ஏறக்குறைய இதே மாதங்களில்தான். முதல் மூன்று நிரப்பல்களின் சராசரி 21.9. அப்போது டயர்கள் புத்தம்புதியவை. ஆக, ஆணி தேர்ந்தெடுத்த டயர் கம்பெனியிலிருந்து வந்த டயரைவிட லிட்டருக்கு இருநூறு மீட்டர் கூடவே ஓடியிருக்கிறது. அந்தப் பக்கத்தை எழுதியது என் கை. புகார் எழுதும்போது அதைத் திருப்பிப் பார்க்காததும் அதே கைதான்.

செவ்வாய்க்கிழமை நான் போகவில்லை. உடம்பு நன்றாக இருந்தது. மழை இல்லை. மகள் வேலைக்குப் போகும் வழியில் கடை வாசலில் இறக்கிவிடுகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். புதன்கிழமையும் போகவில்லை. எனக்கு அந்த மனிதரைப் பிடிக்கவில்லை. வேறு காரணம் எதையும் என்னால் எழுத முடியாது.

அந்த இரண்டு நாளும் அவர் டயர் அடுக்கின் மேலேயே உட்கார்ந்திருந்தார் என்று டீக்கடைக்காரர் பிறகு சொன்னார். கடை திறக்குமுன் வந்து, பூட்டிய பிறகு போயிருக்கிறார். டீ கொடுத்தபோது வாங்கவில்லை. மச்சினன் மாட்டிய ஒரு சக்கரத்தில் ஒரு நட்டு சரியாக முறுக்கவில்லை என்று மட்டும் ஒருமுறை உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தியிருக்கிறார். புதன் மாலை முதலாளி வெளியே வந்தார்.

"சார் வரலை. ஏன் வரலை? நோட்டுல உனக்குச் சாதகமா ஒண்ணும் இல்லை, அதான். இருந்தா அந்த மனுஷன் விடிஞ்சதும் வந்திருப்பாரு. அவ்வளவு கறாரான ஆளு."

ஆணி உள்ளே போய் இரும்பு டேப்பை எடுத்துக்கொண்டார். ஜாடியை வெளியே கொண்டுவந்து குப்பைத் தொட்டியில் கவிழ்த்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் டீக்கடைக்காரர் நிமிர்ந்து பார்த்திருக்கிறார்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு நோட்டோடும், புகாரைத் திரும்பப் பெறும் கடிதத்தோடும் போனேன். வாசலில் டயர் அடுக்கு மட்டும் இருந்தது. முதலாளி கடிதத்தைப் படித்தார். இரண்டு முறை படித்தார் என்று நினைக்கிறேன்.

"இதை முந்தாநாளே கொண்டு வந்திருக்கக் கூடாதா சார்?"

"அவரைத் திரும்பக் கூப்பிடுங்கள்."

"கூப்பிட்டா வர்ற ஆளா அவன்? வந்தாலும் இவன் விடுவானா?" என்று மேசைப் பக்கம் கண்ணைக் காட்டினார். மச்சினன் ஒரு அம்மாளிடம் ஏ கிரேடைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். முதலாளி என் கடிதத்தை மடித்து இழுப்பறையின் அடியில் வைத்தார். நான் பார்த்தவரையில் அது மேலே வரப்போவதில்லை.

ஒன்பதாம் நாள் அவரைக் கண்டுபிடித்தோம். ரயில்வே பாலத்தை அடுத்த பெட்ரோல் நிலையத்தில், காற்றடிக்கும் இடத்தில், நீலச் சட்டை போட்டு நின்றார். சட்டை ஓர் அளவு பெரிது. மகள் காரை நிறுத்தினாள். நான் இறங்கிப் போய்க் கடிதத்தின் நகலை நீட்டினேன். பழையபடி உதடு அசையப் படித்தார்.

"இருபத்தொண்ணு புள்ளி ஒம்போது."

"ஆமாம்."

"இந்தப் பக்கத்தை எப்பப் பாத்தீங்க?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. "திங்கட்கிழமை. சாயங்காலம் ஆறு நாற்பதுக்கு."

அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அன்னிக்கே தெரியும். தெரிஞ்சுக்கிட்டே ரெண்டு நாள் உக்கார வெச்சிருக்கீங்க. பணிமனையில ஒருத்தன் எழுத்தை அடிச்சான். நீங்க அடிக்கலை, மூடி வெச்சிட்டீங்க. அவன் தேவலை சார். அவன் பேனா வெச்ச கைநாட்டுக் கேஸு. உங்களுக்கு எழுத்துன்னா என்னன்னு தெரியும்."

"நான் மறுபடி முதலாளியிடம்..."

"ஒண்ணும் கிழிக்க வேணாம். நீங்க எழுதறவருதானே? இதை எழுதுங்க. என்னை நல்லவன்னு எழுதாதீங்க, நான் நல்லவன் கிடையாது. யாரு என்னைக்கு எத்தனை மணிக்கு என்ன பண்ணாங்கன்னு எழுதுங்க. அந்த ரெண்டு நாளையும் சேத்து."

பேசிக்கொண்டே குழாயை இழுத்து நான்கு சக்கரத்துக்கும் காற்றுப் பார்த்தார். முன்னால் இரண்டிலும் இரண்டு பவுண்டு குறைந்திருந்தது. சரி செய்தார். மகள் நன்றி சொன்னாள். "நீங்க எடுத்தது சரியான டயருமா. நல்லா ஓட்டுங்க" என்று அவளிடம் சொன்னார். என்னிடம், "நகருங்க பெரியவரே, பின்னாடி வண்டி நிக்குது" என்றார்.

அதனால்தான் இதை எழுதினேன். எழுதியதில் கிழமை, நேரம், அளவு எதுவும் கூட்டிக் குறைத்ததில்லை.

போன வாரம் ஏழாவது நிரப்பல். லிட்டருக்கு 22.7. அவர் சொன்னபடியே தேயத் தேய ஏறிக்கொண்டிருக்கிறது. அன்றே, மறுநாளைக்கு வைக்காமல், பெட்ரோல் நிலையத்துக்குப் போய் அவரிடம் சொன்னேன்.

"தெரியும்" என்று சொல்லிவிட்டு, குழாயைச் சுருட்டப் போய்விட்டார்.